சவுத்எண்ட் கடற்பாலமும் கரையும்: ஒருநாள் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் நாள் குறிக்கிறார்கள். எசெக்ஸ் கடலோரத்தில் உள்ள சவுத்எண்டுக்கு அது மட்டும் போதாது. தேம்ஸ் முகத்துவாரத்தின் வடகரையில், லண்டன் நகர மையத்துக்குக் கிழக்கே அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கும் இந்த ஊரில், காலையில் கரையைத் தொட்டுக்கொண்டிருந்த கடல் பிற்பகலில் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் உள்வாங்கிப் போயிருக்கும். நீர் இருந்த இடத்தில் பளபளக்கும் சேற்றுவெளி கிடக்கும். குளிக்கலாம் என்று துண்டும் மாற்றுடையுமாக வந்து இறங்கிய குடும்பங்கள் அதைப் பார்த்துத் திகைத்து நிற்பது கோடைக்கால வார இறுதிகளில் வழக்கமான காட்சி. ஆகவே இந்த வழிகாட்டி, கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையிலிருந்தே தொடங்குகிறது. ரயில், நடை, சாப்பாடு, குளியல் எல்லாம் அதற்குப் பிறகு வருகின்றன.

பிரிட்டனின் பழைய கடற்பாலங்களில், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு அங்கேயே முடியும் பாலங்களில், ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் எதற்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சவுத்எண்டைத்தான் சொல்வேன். பிரைட்டன் அழகானது, பிளாக்பூல் கலகலப்பானது. ஆனால், கடற்பாலம் என்ற ஒன்றை எதற்காகக் கட்டினார்கள் என்பது சவுத்எண்டில் விளங்குவதுபோல் வேறெங்கும் விளங்காது.

இவ்வளவு நீளம் எதற்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன்வாசிகள் நீராவிப் படகில் ஏறித் தேம்ஸ் வழியாகவே கடற்கரை ஊர்களுக்குப் போனார்கள். சவுத்எண்டின் கரையோரம் ஆழமற்ற சேறாக இருந்ததால் நீர் வற்றிய நேரத்தில் எந்தப் படகும் அங்கே கரையை நெருங்க முடியவில்லை. வரவேண்டிய பயணிகள் கென்ட் கரையிலிருந்த மார்கேட் போன்ற ஊர்களுக்குப் போய்விட்டார்கள். ஆழமான நீர் இருக்கும் இடம்வரை கரையையே நீட்டிவிடுவதுதான் இதற்குத் தீர்வாகத் தோன்றியது. 1829-இல் மரப்பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1830-இல் திறக்கப்பட்ட முதல் பகுதி வெறும் 180 மீட்டர்தான் என்பதால் நீர் வற்றும்போது அதுவும் சேற்றின் நடுவே நின்றது. பிறகு கட்டம் கட்டமாக நீட்டி, 1848 வாக்கில் 7,000 அடி நீளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஐரோப்பாவிலேயே நீளமான கடற்பாலம் அப்போது அதுதான்.

1856-இல் ரயில் பாதை ஊருக்கு வந்து சேர்ந்ததும், படகுக்காகப் பாலத்தை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது. ஆனால், கடல்மேல் காலாற நடந்துபோய்வருவதே ஒரு பொழுதுபோக்கு என்று விக்டோரியா காலத்து மக்கள் அதற்குள் பழகியிருந்தார்கள். மரப்பாலம் நைந்துபோனதால் ஜேம்ஸ் பிரன்லீஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் இரும்புப் பாலம் எழுந்து 1889-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதன்மேல் மின்சார ரயிலும் ஓடத் தொடங்கியது. இன்று நாம் நடப்பது அந்தப் பாலத்தின்மேல்தான். நீளம் 2.16 கிலோமீட்டர்; பொழுதுபோக்குக்கான கடற்பாலங்களில் உலகிலேயே நீளமானது.

இது எப்படி இன்னும் நிற்கிறது என்பது வியப்புக்குரியது. 1959-இல் கரையோர முனையிலிருந்த அரங்கம் எரிந்தது. 1976-இல் கடல் முனை எரிந்தது. ரயில் பாதை பழுதடைந்து 1978-இல் நிறுத்தப்பட, பாலத்தையே மூடிவிடலாம் என்ற பேச்சு 1980-இல் எழுந்து, ஊர்மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1986-இல் ரயிலை மீண்டும் ஓடவிட்ட மறு மாதமே கிங்ஸ்அபே என்ற கப்பல் மோதிப் பாலத்தைத் துண்டித்துவிட்டது. 1995-இலும் 2005-இலும் மறுபடி தீ. ஒவ்வொரு முறையும் இத்தோடு முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பார்கள்.

முதல் படி: நாளைக் குறித்தல்

ஓத அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சவுத்எண்டின் பெயரில் கிடைக்காவிட்டால் எதிர்க்கரையிலுள்ள ஷியர்னெஸ் துறைமுகத்துக்கான நேரத்தைப் பார்க்கலாம். வித்தியாசம் சில நிமிடங்களே இருக்கும். ஒரு எச்சரிக்கை: சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் கிரீனிச் நேரத்தையே தருகின்றன. கோடையில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுவதால், அட்டவணையின் ஓரத்தில் எந்த நேரம் என்று குறிப்பிட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நீர் நிறைவதற்கும் அடுத்த முறை நிறைவதற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதாவது நாளுக்கு நாள் ஓத நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நிலவின் வடிவத்தை வைத்தே நேரத்தை ஓரளவு கணிக்கலாம். நம் வீட்டு நாட்காட்டி இங்கே நன்றாகவே உதவும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில், கோடையில், சவுத்எண்டில் நீர் நிறைவது பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் இருக்கும். காலை ஏழரை மணி வாக்கில் முழுவதும் வற்றியிருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் இது தலைகீழாகி, நடுப்பகலில் சேறுதான் தெரியும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த உடனடி நாள்களில்தான் ஓதம் மிகப் பெரியதாக இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு 5 மீட்டரைத் தாண்டும். சென்னைக் கரையில் இந்த வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியே இருப்பதால், மெரினாவில் பழகிய கண்ணுக்கு இது எதிர்பாராத ஒன்று.

இந்தக் கணக்கின்படி மிகப் பொருத்தமான நாள், அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து இரண்டு மூன்று நாள் ஆன ஒரு நாள். அன்று காலை ஒன்பதரை வாக்கில் நீர் முழுவதும் வற்றி, பிற்பகல் மூன்றரை வாக்கில் நிறையும். பத்தரை மணிக்கு ஊரில் இறங்கினால், சேற்றுக்கு மேலே பாலத்தில் நடக்கத் தொடங்கி, அதன் முனையில் கடல் திரும்பி வருவதைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு, நீர் கரைக்கு வந்த நேரத்தில் குளிக்கவும் செய்யலாம். இது தோராயமான கணக்குத்தான். கிளம்பும் நாளுக்குரிய நேரத்தை அட்டவணையில் உறுதி செய்துகொள்ளாமல் இதை நம்பிப் போகக் கூடாது.

அதன் பிறகு பாலம் திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். சவுத்எண்ட் மாநகராட்சிதான் பாலத்தின் உரிமையாளர். நேரமும் கட்டணமும் பருவத்துக்கு ஏற்ப மாறுவதால் அதன் இணையதளத்தில் பார்ப்பதே சரி. குளிர்காலத்தில் எல்லா நாள்களிலும் திறந்திருக்காது. காற்று பலமாக வீசினால் முன்னறிவிப்பின்றியும் மூடிவிடுவார்கள். வானிலையைப் பார்ப்பது இந்த இடத்தில்தான்: மழையின் அளவைவிடக் காற்றின் வேகத்தையும் திசையையும் கவனிக்க வேண்டும். திசை ஏன் முக்கியம் என்பது குளியல் பற்றிய படியில் வரும்.

இரண்டாம் படி: எடுத்துச் செல்ல வேண்டியவை

ஜூலை மாதத்திலும் காற்றைத் தடுக்கும் மேலங்கி ஒன்று ஒவ்வொருவருக்கும் வேண்டும். கரையில் வெயில் சுள்ளென்று இருக்கும். இரண்டு கிலோமீட்டர் கடலுக்குள் போனதும் அதே வெயிலில் பற்கள் தந்தியடிக்கும். பாலத்தின் தளம் பலகைகளால் ஆனது, பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. குதி உயர்ந்த செருப்பு அதில் மாட்டிக்கொள்ளும். தட்டையான காலணியே நல்லது. கரையில் சிப்பி ஓடுகளும் கூழாங்கற்களும் கலந்து கிடப்பதால் நீருக்குள் இறங்குபவர்களுக்கு நனைந்தாலும் பரவாயில்லாத ரப்பர் காலணி தனியாக வேண்டும். வெயிலுக்கான களிம்பு, தொப்பி, துண்டு, குடிநீர், முழுதாக மின்னேற்றிய கைபேசி. இவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. கைபேசியைச் சேர்த்ததற்குக் காரணம் படம் எடுப்பதல்ல, ஆபத்து நேரத்தில் அழைப்பதற்கு.

வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வருவதில் எந்தத் தடையும் இல்லை. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாக்களில் கொண்டுவந்து விரித்து உட்காரும் குடும்பங்களை மேற்குப் பக்கப் புல்வெளிச் சரிவுகளில் பார்க்கலாம். அந்தச் சரிவுகளிலிருந்து பாலம் முழு நீளத்துக்கும் தெரியும் என்பதால் அது நல்ல தேர்வும்கூட.

மூன்றாம் படி: போய்ச் சேர்தல்

லண்டனிலிருந்து இரண்டு ரயில் பாதைகள் உண்டு. ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து கிளம்பும் பாதை சவுத்எண்ட் சென்ட்ரலுக்கும், லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து கிளம்புவது சவுத்எண்ட் விக்டோரியாவுக்கும் செல்கின்றன. இரண்டிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும் முதல் பாதையே மேலானது. இறங்கியதும் கடைத்தெரு வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் பாலம் வந்துவிடும். தமிழர்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்கள் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் வரை போக வேண்டியதில்லை. டிஸ்ட்ரிக்ட் என்ற நிலத்தடி ரயில் பாதையில் அடுத்த நிறுத்தமான பார்க்கிங் (Barking) நிலையத்தில் இறங்கி அங்கேயே இந்த ரயிலைப் பிடிக்கலாம்.

வலது பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். லீ நிலையத்தை நெருங்கும்போது சதுப்பு நிலங்களும் ஓடைகளும் தொடங்கி, அதற்கு அடுத்த சாக்வெல்லில் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும். அன்றைய ஓத நிலவரம் என்ன என்பது இந்த இரண்டு நிலையங்களுக்கு இடையிலேயே தெரிந்துவிடும்.

குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்குக் குடும்ப ரயில் சலுகை அட்டை பெரும்பாலும் முதல் பயணத்திலேயே பாதிப் பணத்தையாவது திருப்பித் தந்துவிடும். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் குழந்தைகளுக்கு 60 சதவீதமும் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடும் வழக்கம் உண்டு. முதல் நாள் இரவே பார்த்துவிட வேண்டும். கடைத்தெரு முடியும் இடம் மேட்டில் இருக்கிறது, பாலத்தின் வாசல் பள்ளத்தில் இருக்கிறது. படியிறங்க முடியாதவர்களுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் அங்கே மின்தூக்கி இருக்கிறது.

நான்காம் படி: பாலத்தில் நடத்தல்

போகும்போது நடந்தும் வரும்போது ரயிலிலும் என்பதே என் பரிந்துரை. பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள். அப்போது கடல் முனையில் களைப்பில்லாமல் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால், கரையைப் பார்த்தபடி நடப்பதைவிட, கரையை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கடலை நோக்கி நடப்பதில்தான் இந்தப் பாலத்தின் நீளம் உறைக்கிறது. நிதானமாக நடந்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் கூடும்.

நடக்கும்போது கொஞ்ச நேரம் காலடியைப் பார்த்துக்கொண்டே நடங்கள். பலகை இடுக்குகளின் வழியே முதலில் கூழாங்கல் தெரியும். பிறகு சாம்பல் நிறச் சேறு வரும். அதன்மேல் இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோல் சின்னச் சின்னச் சுருள் குவியல்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். சேற்றுக்குள் வாழும் புழுக்கள் மண்ணைத் தின்று வெளித்தள்ளியவை அவை. தூண்டில்காரர்கள் இந்தப் புழுவைத்தான் இரைக்காகத் தோண்டுகிறார்கள். இன்னும் போனால் சேற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் நீர்க்கால்கள், பக்கவாட்டில் சாய்ந்து காத்திருக்கும் படகுகள், பச்சைப் பாசித் திட்டுகள். கடைசி ஐந்நூறு மீட்டரில்தான், நீர் நன்றாக வற்றிய நாள்களில், கீழே அலை அசையத் தொடங்கும். பாலம் ஏன் இங்கே வரை வர வேண்டியிருந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

தூண்களையும் எட்டிப் பாருங்கள். நீர் ஏறும் உயரம் வரை சிப்பிகளும் பாசியும் அப்பியிருக்கும். அதற்கு மேல் துருவும் வண்ணப்பூச்சும். உப்புக் காற்றும் நீரும் இரும்பை ஓயாமல் தின்பதால், ஒரு முனையில் பழுது பார்த்து முடிப்பதற்குள் மறுமுனையில் வேலை தொடங்கியிருக்கும். உங்கள் கட்டணம் போவது பெரும்பாலும் இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டால் கொடுப்பதில் மனக்குறை இருக்காது.

உங்களைக் கடந்துபோகும் ரயில்கள் 2022-இல் வந்தவை. மின்கலத்தில் ஓடுகின்றன, சக்கர நாற்காலியோடு ஏறும் வசதி உள்ளவை. அவற்றில் ஒன்றுக்கு, சவுத்எண்டுக்கு மாநகரத் தகுதி வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்து 2021-இல் கொல்லப்பட்ட உறுப்பினர் சர் டேவிட் ஏமஸ் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் கேட்ட தகுதி அவர் இறந்த மறு ஆண்டு ஊருக்குக் கிடைத்தது.

ஐந்தாம் படி: கடல் முனையில்

இங்கே அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். 2012-இல் வைக்கப்பட்ட அரங்கக் கட்டடம், சிற்றுண்டிக் கடை, கழிப்பறை, தூண்டில் போடுவதற்கான இடம் ஆகியவற்றோடு உயிர்காப்புப் படகு நிலையமும் இங்கே இருக்கிறது. ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு நிறுவனம் நன்கொடையில் நடத்தும் நிலையம் அது. படகில் போகிறவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். சேற்றில் சிக்கியவர்களிடம் படகு போக முடியாது என்பதால் சவுத்எண்ட் நிலையத்தில் காற்று மெத்தையில் மிதந்து செல்லும் ஹோவர்கிராஃப்ட் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். நிலையத்தின் சிறு கடையில் ஏதாவது வாங்கினால் அந்தப் பணம் அவர்களுக்குப் போகும்.

தெற்கே தெரிவது கென்ட் கரை. முகத்துவாரத்தின் நடுவே டில்பரி, லண்டன் கேட்வே துறைமுகங்களுக்குப் போகும் பெரும் சரக்குக் கப்பல்கள் ஓசையின்றிக் கடந்துகொண்டே இருக்கும். ஷியர்னெஸ் பக்கமாக, ரிச்சர்ட் மாண்ட்கோமரி என்ற அமெரிக்கக் கப்பலின் சிதைவு கிடக்கிறது. 1944 ஆகஸ்டில் தரைதட்டி உடைந்த அந்தக் கப்பலுக்குள் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள் இன்றும் இருப்பதால் அதைச் சுற்றி யாரும் நெருங்கக் கூடாத வளையம் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுவதும் இந்தப் பாலமே கடற்படையின் வசம் இருந்தது. தேம்ஸிலிருந்து கிளம்பிய 3,000-க்கும் மேற்பட்ட கப்பல் அணிகள் இங்கிருந்து ஒழுங்கு செய்து அனுப்பப்பட்டன. இதையெல்லாம் தெரிந்துகொண்டு நிற்கிறவருக்கு அந்தச் சாம்பல் நிற நீர்ப்பரப்பு வெறும் நீர்ப்பரப்பாகத் தெரியாது.

செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ போகிறவர்கள், வேவர்லி என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் இந்தப் பாலத்தில் வந்து நிற்கும் நாள் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். 1946-இல் மிதக்கவிடப்பட்ட அது, கடலில் பயணிகளோடு ஓடும் அந்த வகைக் கப்பல்களில் உலகிலேயே கடைசி. குளிர்காலத்தில் போனால், கருப்பும் வெள்ளையும் பழுப்புமான சிறு உள்ளான் பறவைகள் பலகைகளின்மேல் மனிதர்களுக்கு அஞ்சாமல் ஓடித் திரிவதைப் பார்க்கலாம்.

ஆறாம் படி: சாப்பாடு

கரைக்குத் திரும்பியதும் மீனும் சிப்ஸும் என்பது எழுதப்படாத விதி. கோட் அல்லது ஹாடக் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, தடித்த உருளைக்கிழங்குத் துண்டுகளோடு உப்பும் வினிகரும் தெளித்துத் தருவார்கள். கடலை நேராகப் பார்த்திருக்கும் கடைகளைவிட, ஒரு தெரு உள்ளே தள்ளியிருக்கும் கடைகளில் விலையும் கூட்டமும் குறைவு. எந்தக் கடையிலும், வரிசை நீளமாக இருந்தால் அப்போதுதான் பொரித்த மீன் கிடைக்கும்.

சைவ உணவுக்காரர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் சிப்ஸ் மட்டும் வாங்குவதாக இருந்தாலும் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பிரிட்டனில் பழைய வழக்கம்; வட இங்கிலாந்தில் இன்றும் பரவலாக இருக்கிறது, தெற்கே தாவர எண்ணெய் அதிகம். அதே எண்ணெயில் மீனும் பொரிபடுகிறதா என்பது அடுத்த கேள்வி. கடைக்காரர்கள் இதற்குச் சலித்துக்கொள்வதில்லை. தினமும் கேட்கப்படும் கேள்விதான்.

சாப்பாட்டைக் கையில் வாங்கியதும் கடற்காகங்களை நினைவில் வையுங்கள். பின்னாலிருந்து வந்து கையிலிருக்கும் மீனை அப்படியே பறித்துச் செல்லும். சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, அருகில் வரும் பறவையை நேராகப் பார்த்தால் அது தயங்கும். எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் சோதித்துப் பார்த்ததும் இதையே சொல்கிறது. குழந்தைகளை நடுவில் உட்கார வைப்பது இன்னும் பாதுகாப்பு.

இனிப்புக்கு, 1932-லிருந்து ஊரோடு சேர்ந்து வளர்ந்த ரோஸி ஐஸ்கிரீம். வீட்டுக்கு எடுத்துப்போக, எந்த இடத்தில் குறுக்காக உடைத்தாலும் உள்ளே ஊரின் பெயர் எழுத்துகளாகத் தெரியும் ராக் என்ற கெட்டிச் சர்க்கரைக் குச்சி. பல்லுக்கு உத்தரவாதம் இல்லை.

ஏழாம் படி: சேறும் நீரும்

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. 2016 ஆகஸ்டில் கிழக்கு சசெக்ஸின் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில், லண்டன் பகுதியிலிருந்து ஒருநாள் பயணமாகப் போன ஐந்து தமிழ் இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். அன்று வெயில் நன்றாக அடித்தது. உயிர்காப்பாளர்கள் அங்கே பணியில் இருக்கவில்லை. அகன்ற தட்டையான கரையில் நீர் வெகுதூரம் வற்றி, பிறகு வேகமாகத் திரும்பி வரும் இடம் அது. சவுத்எண்டும் அதே தன்மை கொண்ட தட்டையான கரைதான்.

நீர் வற்றியிருக்கும்போது சேற்றில் இறங்கி நடக்க எல்லாருக்கும் ஆசை வரும். கரையை ஒட்டிச் சிறிது தூரம் போவதில் தவறில்லை. தொலைவில் தெரியும் நீரைத் தொட்டுவிட்டு வரலாம் என்று கிளம்புவதுதான் ஆபத்து. திரும்பிவரும் நீர் உங்கள் முன்னாலிருந்து ஒழுங்காக ஏறி வருவதில்லை. பள்ளமான கால்வாய்களில் முதலில் நிறைந்து, உங்களுக்கும் கரைக்கும் இடையில் ஓடத் தொடங்குகிறது. கவனிக்கும்போது நீங்கள் ஒரு திட்டின்மேல் நின்றுகொண்டிருப்பீர்கள். சாக்வெல்லுக்கும் லீக்கும் எதிரே உள்ள ரே என்ற கால்வாய்ப் பக்கம் இப்படிச் சிக்குகிறவர்கள் பலர். கிழக்கே ஷூபரிக்கு அப்பால் வேக்கரிங்கிலிருந்து கடலுக்குள் போகும் புரூம்வே என்ற பழம்பாதை இன்னும் மோசமானது. அங்கே ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக்களமும் இருக்கிறது. தேர்ந்த வழிகாட்டி இல்லாமல் அதில் காலே வைக்கக் கூடாது.

கால் சேற்றில் புதைந்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஒரு காலை இழுக்க மற்றது இன்னும் ஆழமாகப் போகும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து உடல் எடையைப் பரப்பி, காலை மெல்ல அசைத்து ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். முடியாவிட்டால் உடனே 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள். எதிர்முனையில் "கோஸ்ட்கார்ட்" என்று சொன்னால் போதும். காப்பாற்றப் போகிறேன் என்று இன்னொருவர் இறங்குவது இரண்டு பேரையும் சிக்கவைக்கும்.

குளிப்பதற்கு ஏற்றது, நீர் முழுதாக நிறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும். பாலத்துக்குக் கிழக்கே தோர்ப் பே பக்கம், வண்ணம் பூசிய மரக் குடில்கள் வரிசையாக நிற்கும் கரையில் கூட்டம் குறைவு. கடும் மழை பெய்த மறுநாள்களில் கழிவுநீர் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், மே 15 முதல் செப்டம்பர் 30 வரை சுற்றுச்சூழல் முகமை வெளியிடும் குளிநீர்த் தர அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நீர் குளிர்ந்தே இருக்கும். பாய்ந்து குதித்தால் உடல் அதிர்ச்சியில் மூச்சு திணறும், நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது நேரும். ஆகவே கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று படிப்படியாக நனைய வேண்டும். பாலத்திலிருந்தோ சுவரிலிருந்தோ குதிப்பதை நினைக்கவே வேண்டாம். அதே இடத்தில் ஆறு மணி நேரத்துக்கு முன் வெறும் தரைதான் இருந்தது.

காற்றின் திசைக்கு இப்போது வருவோம். சவுத்எண்டின் கரை தெற்கு பார்த்தது. ஆகவே வடக்கிலிருந்து வீசும் காற்று கடலை நோக்கித் தள்ளும். அத்தகைய நாள்களில் கரையோரம் நீர் அமைதியாகத் தெரிவதே ஏமாற்று. காற்றடைத்த மெத்தையில் படுத்திருக்கும் குழந்தை சில நிமிடங்களில் எட்டாத தூரம் போய்விடும். காற்றடைத்த எதையும் திறந்த கடலுக்கு எடுத்துப்போகாமல் இருப்பதே நல்லது.

கொடிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு இடையே உயிர்காப்பாளர் கண்காணிக்கிறார், அங்கேதான் குளிக்க வேண்டும். முழுச் சிவப்பு என்றால் நீரில் இறங்கக் கூடாது. கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி, அலைச்சறுக்குப் பலகை போன்றவற்றுக்கான இடத்தைக் காட்டுகிறது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் காற்றடைத்த பொருள்களுக்குத் தடை. கொடியே இல்லாத கரைகள்தான் அதிகம். அங்கே உங்களைப் பார்த்துக்கொள்ள எவரும் இல்லை என்று பொருள். நீரில் தத்தளிக்க நேர்ந்தால் கையை வீசிப் போராடாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் காதுகள் நீரில் அமிழ மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகே கத்தவோ நீந்தவோ முயல வேண்டும்.

எட்டாம் படி: கரையோரக் கேளிக்கைகள்

இதில் எனக்கு ஈடுபாடு குறைவு, குழந்தைகளுக்கோ இதுதான் பயணமே. பாலத்தின் அடியிலேயே இருபுறமும் அட்வென்ச்சர் ஐலண்ட் ராட்டினங்கள் சுற்றுகின்றன. உள்ளே நுழையக் கட்டணமில்லை, ஏறுகிற ஒவ்வொன்றுக்கும் உண்டு. எதிரே வரிசையாக இருக்கும் கேளிக்கைக் கூடங்களில் இரண்டு பென்ஸ் நாணயம் போட்டால் முன்னும் பின்னும் நகரும் தட்டு, குவிந்த நாணயங்களைத் தள்ளிவிடும் இயந்திரங்கள் உண்டு. ஒரு பவுண்டை மாற்றினால் ஐம்பது நாணயம். இதோ விழப்போகிறது என்ற தோற்றத்திலேயே ஐம்பதும் போய்விடும். ஒரு பிள்ளைக்கு ஒரு பவுண்டு என்று வாசலிலேயே பேசி முடித்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.

ஒன்பதாம் படி: லீ வழியாகத் திரும்புதல்

மாலையில் மிச்சமிருக்கும் தெம்பைப் பொறுத்து, சவுத்எண்டிலேயே ரயில் ஏறாமல் கரையோரமாக மேற்கே லீ வரை நடக்கலாம். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும், பாதை முழுக்கச் சமதளம். வழியில் சாக்வெல் கரையில் தனியாக நிற்கும் கல்தூண், தேம்ஸின்மீது லண்டன் மாநகரத்துக்கு இருந்த பழைய அதிகாரத்தின் எல்லை. லீயின் பழைய ஊர் ஒற்றைத் தெருதான். மட்டிச் சிப்பி எடுக்கும் படகுகள் இன்றும் இங்கே கட்டுகின்றன. அவித்த மட்டியைச் சிறு கிண்ணத்தில் வாங்கி வினிகரும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டுக் குச்சியால் குத்திச் சாப்பிடுகிறார்கள். முதல் வாய் மணலும் புளிப்புமாக இருக்கும், மூன்றாவது வாயில் பிடித்துப்போகும். 1940-இல் பிரான்ஸின் டன்கர்க் கரையிலிருந்து படைவீரர்களை மீட்க இந்தத் துறையிலிருந்து ஆறு மட்டிப் படகுகள் போயின. ரினௌன் என்ற படகு திரும்பும் வழியில் கண்ணிவெடியில் சிக்கி, அதில் இருந்தவர்கள் எவரும் மீளவில்லை. அக்டோபருக்குப் பிறகு இந்தச் சேற்றுவெளியில் சைபீரியாவிலிருந்து வரும் கருநிற வாத்துகள் ஆயிரக்கணக்கில் மேயும்.

லீ ரயில் நிலையம் பழைய ஊரிலிருந்து சுமார் பதினைந்து நிமிட நடை, பாதையின் கடைசிப் பகுதி இருட்டானது. லண்டன் திரும்பும் ரயில்கள் இங்கே நிற்பதால் சவுத்எண்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. கோடை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சவுத்எண்ட் சென்ட்ரலிலேயே இருக்கைகள் நிறைந்துவிடும் என்பதால், கைக்குழந்தையோடோ முதியவர்களோடோ வந்தவர்கள் லீ நடையை விட்டுவிட்டு சென்ட்ரலிலேயே ஏறிக்கொள்வது நல்லது.